வரி கேட்காத வீடு

அமெரிக்காவில் குடியேறிய மக்கள் இங்கிலாந்தின் மேல் ஏன் கோபம் கொண்டார்கள் என்ற கேள்விக்கு, கடைசி இரண்டு பெஞ்சுப் பெண்கள் எல்லோரும் ஒரே பதிலை எழுதியிருந்தார்கள். இங்கிலாந்து மன்னர் அவர்களிடம் வரி வாங்க மறுத்துவிட்டாராம். அந்த அவமானம் தாங்காமல் அவர்கள் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்தார்களாம்.

குழல்வாய்மொழி சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தாளை ரெபேக்காளிடம் நீட்டினாள். தென்காசியில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் குழல்வாய்மொழி சரித்திர டீச்சர், ரெபேக்காள் கணக்கு டீச்சர். ஆடி மாதத்துச் சாரல் ஜன்னல் வழியாக வந்து மேஜைமேல் இருந்த தாள்களை ஈரப்படுத்திக்கொண்டிருந்தது.

"வாங்கவே மாட்டேன்னுட்டாராமா?" என்றாள் ரெபேக்காள். "தங்கமான ராசால்லா! அப்படி ஒரு ராசா நமக்கு வாய்க்க மாட்டேங்காரே. எங்க வீட்டுக்காரர் வீட்டுவரி கட்டப் போற அன்னைக்கு நான் அவர் மொகத்துலயே முழிக்கிறது இல்ல."

"யாரைப் பாத்து யாரு எழுதினான்னு கண்டுபிடிக்கணும்."

கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. முப்பிடாதி என்ற பெண் தானாகவே வந்து நின்றாள். ராயகிரிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள்.

"நான்தான் டீச்சர் மொதல்ல எழுதுனேன்."

"பாடத்துல அப்படியா போட்டிருக்கு?"

"பாடத்துல வரி போட்டதால கோவம்னு இருந்துச்சு டீச்சர். தப்பா அச்சடிச்சுட்டாங்கன்னு நெனச்சேன்."

ரெபேக்காள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். முப்பிடாதி அதைப் பார்த்தாள், ஆனால் சொல்ல வந்ததை நிறுத்தவில்லை.

"வரி வாங்கலன்னாத்தானே டீச்சர் கோவம் வரும்? எங்க ஊர்க் கோயில் கொடையில எங்க சித்தப்பாகிட்ட வரி வாங்கக்கூடாதுன்னு சொல்லிட்டாவ. ஏதோ வரப்புத் தகராறு. சித்தப்பா ரூவாயைக் கையில வச்சுக்கிட்டுப் பந்தலுக்கு முன்னால நின்னாரு. ஒருத்தரும் கை நீட்டல. அதுக்குப் பொறவு சித்தியை ஒரு கல்யாணத்துக்கும் கூப்பிடல, ஒரு எழவுக்கும் கூப்பிடல."

"சரி, நீ போ" என்றாள் குழல்வாய்மொழி. மதிப்பெண் மாறவில்லை. ஆனால் மீதித் தாள்களை அவள் அன்று திருத்தவில்லை.

அவள் குடியிருந்த தெருவிலும் கொடை உண்டு. ஆவணியில் அம்மனுக்குத் திருவிழா. ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் இவ்வளவு வரி என்று கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள். கல்யாணமான ஆண் இருக்கிற வீடுதான் தலைக்கட்டு. வரி கட்டினவன் கோயில் முன்னால் நடக்கும் தெருக்கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம், முடியாது என்றும் சொல்லலாம். அம்மன் காரியம் மட்டுமில்லை. விளக்கு, சாக்கடை, சண்டை, சமாதானம் எல்லாமே அந்தக் கூட்டத்தில்தான் தீரும்.

அவளுடைய கணவன் தாணுமாலயன் செங்கோட்டையில் மர டிப்போவில் குமாஸ்தாவாக இருந்தவன். காய்ச்சலில் போய்விட்டான். அந்த வருஷம் வரி கேட்டு வந்தவர்கள் அவள் வாசலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் தாண்டிப் போனார்கள். தெருவே அதைப் பற்றி நல்லதாகப் பேசியது. அவளும் உள்ளேயிருந்து கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு அவள் ஆசிரியப் பயிற்சியான பி.டி. முடித்து வேலைக்கு வந்தாள். சம்பளம் வாங்கினாள். கூரை ஓடுகளைப் பிரித்து மாற்றினாள். வருஷா வருஷம் அவர்கள் அதே போலக் குரலைத் தாழ்த்தித் தாண்டிப் போனார்கள். அதில் என்ன குறை என்று அவள் ஒருநாளும் யோசித்தது இல்லை. இப்போது ரூபாயோடு நின்ற முப்பிடாதியின் சித்தப்பாவின் கை அவள் கண்ணை விட்டுப் போக மறுத்தது. அவரைத் தள்ளிவைக்க ஊர் செய்ததும், தன்மேல் இரக்கப்பட்டுத் தெரு செய்ததும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே காரியம்தான். இரண்டு இடத்திலும் ஒருவரும் கை நீட்டவில்லை.

மறுநாள் அதே பாடத்தை மறுபடி நடத்தினாள். முத்திரைச் சட்டம் வந்ததையும், பத்திரத்துக்கும் பத்திரிகைக்கும் சீட்டுக்கட்டுக்கும்கூட முத்திரை ஒட்டச் சொன்னதையும், எதிர்ப்பு தாங்காமல் அதை எடுத்ததையும் சொன்னாள். பிறகு கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் வரி போட்டார்கள். அதையும் எடுத்தார்கள். தேயிலைக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். வருமானத்துக்காக அல்ல, வரி போடும் உரிமை எங்களுக்கு உண்டு என்று காட்டுவதற்காக.

"எங்களுக்குப் பாராளுமன்றத்தில் ஆள் இல்லையே என்று குடியேற்றக்காரர்கள் கேட்டார்கள். அதற்கு இங்கிலாந்து என்ன சொன்னது? மான்செஸ்டர் ஊர்க்காரனுக்கும்தான் ஆள் இல்லை. அவன் சும்மா இருக்கவில்லையா? எல்லோருக்கும் சேர்த்து நாங்கள்தான் பேசுகிறோமே, உங்கள் நன்மை எங்களுக்குத் தெரியாதா..."

அங்கே நின்றுவிட்டாள். சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் எந்த வெள்ளைக்கார மந்திரியின் குரலிலும் அவளுக்குக் கேட்கவில்லை. வெற்றிலை மணக்க, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பேசும் ஆவுடைநாயகத்தின் குரலில் கேட்டது. 'மதினி, ஒங்களுக்கும் சேத்துத்தான் நான் பேசுதேன்.'

ஆவுடைநாயகம் தாணுமாலயனின் தம்பி. பஜாரில் பாத்திரக் கடை. அண்ணன் போன நாளிலிருந்து தீபாவளிக்குச் சேலை, பொங்கலுக்குக் கரும்பு என்று ஒன்று குறைத்தது இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் குறை இவ்வளவு நாள் தெரியாமல் இருந்திருக்காது. போன பங்குனியில் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது. நடுத்தெருவில் வைப்பதா மேலக் கோடியில் வைப்பதா என்று பேச்சு. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மேலக் கோடிக்குச் சரி என்று சொல்லிவிட்டு வந்தான் அவன். அவன் வீட்டில் கிணறு இருந்தது. குழல்வாய்மொழி விடியற்காலையில் மேலக் கோடிக்கும் வீட்டுக்குமாகக் குடத்தோடு நடந்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். நடுத்தெருவில் வைக்கச் சொல்லியிருக்கலாமே என்று அவனிடம் அவள் சொன்னது இல்லை.

"டீச்சர்?" என்றது முன்பெஞ்சு.

"அடுத்த பக்கம் திருப்புங்க" என்றாள்.

சனிக்கிழமை ரெபேக்காளோடு குற்றாலத்துக்குப் போனாள். அருவியில் தண்ணீர் நிறைய விழுந்தது. பெண்கள் பக்கம் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்தபடி பாறையோடு ஒட்டி நின்றார்கள். தலையில் தண்ணீர் அறைந்துகொண்டிருக்கையில் ஒன்றும் பேச முடியாது, ஒன்றையும் மறைக்கவும் முடியாது. என்னிடமும் வரி வாங்குங்கள் என்று நான் கேட்கப்போவது எதனால் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். படித்த திமிரா? தண்ணீர்க் குடத்தின் மேல் கோபமா? ஆறு வருஷமாகக் கும்பிட்ட கும்பிடெல்லாம் இப்போது கூசுவதாலா? மூன்றும் இருந்தன. மூன்றுக்கும் அடியில் இன்னொன்றும் இருந்தது. அது இவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. நான் அந்தத் தெருவில் இருக்கிறேன் என்பதுதான் அது.

தலை துவட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"அடி பாவி" என்றாள் ரெபேக்காள். "அந்தப் புள்ளைக்கு மார்க்கைப் போட்டுரு. நீயே அந்தப் பதிலைத்தானே எழுதப் போற."

"மார்க் கிடையாது. அமெரிக்காவுல நடந்தது அது இல்ல."

ஞாயிற்றுக்கிழமை வரி கேட்டு வந்தார்கள். முன்னால் சேகண்டியைத் தட்டிக்கொண்டு, வரிக்கணக்கு எழுதும் சங்கிலிப்பாண்டி. பின்னால் தெருக்கூட்டத்துக்குத் தலைவரான ரைஸ்மில் தில்லைநாயகம், கூடவே ஆவுடைநாயகம். அவள் வாசல் நெருங்கியதும் சேகண்டி நின்றது. வழக்கம்போலத் தாண்டினார்கள்.

"அண்ணாச்சி" என்று வாசலில் இறங்கி நின்றாள். "எங்க வீட்டைத் தாண்டிப் போறியளே?"

தில்லைநாயகம் திரும்பினார். "தண்ணி குடுக்கப் போறியளா டீச்சரம்மா? சாரல்லயே தொண்டை நனைஞ்சிட்டு."

"தண்ணி இல்ல. வரி."

"ஒங்களுக்கு என்னத்துக்கு வரி? அம்மன் ஒங்ககிட்டக் கேக்கலயே."

"அம்மன் கேக்கலன்னு யாரு சொன்னா? நீங்கதான் கேக்கல."

சங்கிலிப்பாண்டிக்குச் சிரிப்பு வந்து, சேகண்டியைத் திருப்பிப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

"அதான் ஆவுடை கட்டுதானே" என்றார் தில்லைநாயகம். "ஒங்களுக்கும் சேத்துத்தான் அவன் கூட்டத்துல பேசுதான்."

"எனக்கும் வாய் இருக்கு அண்ணாச்சி. அதை வச்சுத்தான் சம்பளம் வாங்குதேன்."

"சரி, ஆசைப்படுதிய. நன்கொடையாக் குடுங்க. அஞ்சு ரூவா வரி என்ன, அம்பதாக் குடுங்க. டியூப்லைட்டுல உபயம்னு ஒங்க பேரை எழுதிருதோம். வெளிச்சமே வெளிய வராத அளவுக்குப் பெருசா எழுதிருதோம்."

எதிர்வீட்டுக் கதவிடுக்கில் யாரோ சிரித்தார்கள். குழல்வாய்மொழிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் காரியம் அத்தோடு முடிந்துவிடும் என்று தெரிந்தது. கடைசியாக அமெரிக்காவில் பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்த தேயிலை, முன்னால் விற்றதைவிட மலிவு. மலிவாகக் குடிக்கலாமே என்றுதான் லண்டனில் எல்லோரும் நினைத்தார்கள். அதையும் வேண்டாம் என்று சொன்னவர்களின் மனசு, பல தடவை அந்தப் பாடத்தை நடத்தியும் பிடிபடாதது, வாசலில் நின்ற அந்த நேரத்தில் பிடிபட்டது.

"நன்கொடை வேண்டாம் அண்ணாச்சி. எல்லார் வீட்டுலயும் என்ன வாங்குதியளோ அதை வாங்கிக்கோங்க."

ஆவுடைநாயகத்தின் முகம் சிவந்திருந்தது. "மதினி, உள்ள போயிப் பேசுவோம்."

"உள்ள பேசுத விஷயம் இல்ல தம்பி இது."

தில்லைநாயகம் இருவரையும் பார்த்தார். "வெள்ளிக்கெழமை கூட்டம். வந்து கேளுங்க" என்றார். வரமாட்டாள் என்ற நம்பிக்கை அவர் குரலில் இருந்தது. சேகண்டி மறுபடி ஒலித்தது, அடுத்த வீட்டில்.

உள்ளே மாமியார் முத்துவடிவு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வரி கேக்காதவன் பொறத்தாலயே போயி வாங்கிக்கோ வாங்கிக்கோன்னு கெஞ்சுதவ ஒலகத்துலயே நீ ஒருத்திதாண்டி."

"தப்பா அத்தை?"

"தப்புன்னு நான் சொன்னேனா? ஒருத்திதான்னு சொன்னேன்."

சாயங்காலம் ஆவுடைநாயகம் வந்தான். உட்காரவில்லை.

"நான் என்ன கொறை வச்சேன் மதினி? தெருவுல எல்லாரும் கேக்கான், ஒங்க மதினிக்கு ஒம்மேல நம்பிக்கை இல்லையான்னு."

அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அவள் காலையிலிருந்து சேர்த்துவைத்திருந்த தைரியம் எல்லாம் ஆடியது. இந்த மனிதன்தான் தாணுமாலயனுக்குக் கொள்ளி வைத்தவன். தனக்கு நியாயம் என்று படுவதைச் செய்தால் ஒரு நல்லவனை ஊர் நடுவில் குறைத்துக் காட்டவேண்டியிருக்கிறது. குறைத்துக் காட்டாமல் சொல்ல வழி உண்டா என்று தேடினாள். கிடைக்கவில்லை.

"கொறை இல்ல தம்பி. நீங்க எனக்காக நல்லாத்தான் பேசுவீய. ஆனா என்னைக் கேக்காமப் பேசுதிய."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவன் வீட்டிலிருந்து வழக்கமாக வரும் மீதிக் குழம்பு அன்று வரவில்லை.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் கோயிலுக்கு முன்னால் மணலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மதில் ஓரமாகப் பெண்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அன்றைக்குக் கூட்டம் அதிகம். குழல்வாய்மொழி பள்ளிக்கூடத்துக்கு உடுத்தும் கஞ்சிபோட்ட சேலையை உடுத்திக்கொண்டு வந்தாள். மதில் ஓரத்தில் நிற்காமல் முன்னால் நடந்து போனாள். முதுகில் அத்தனை கண்களும் விழுவது தெரிந்தது. வகுப்பில் நுழையும்போதுகூட முதல் வருஷத்தில் இப்படித்தான் இருந்தது.

"வந்துட்டியளா!" என்றார் தில்லைநாயகம். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "எங்க தம்பி மவ ஒங்ககிட்டத்தான் படிக்கா. அமெரிக்காக்காரன் வரி கட்ட மாட்டேன்னு கப்பல்ல ஏறித் தேயிலையைத் தூக்கிக் கடல்ல போட்டான்னு வீடே அதிரப் படிச்சா. நீங்க என்னன்னா கட்டுவேன் கட்டுவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிய. ஒங்க பாடத்துக்கு நீங்களே எதிரா டீச்சரம்மா?"

மணலில் சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தாள். காத்திருக்க அவளுக்குத் தெரியும், அது அவள் தொழில்.

"ரெண்டும் ஒரே வழக்குதான் அண்ணாச்சி. அவங்ககிட்ட வரியை வாங்கிக்கிட்டு, பேச எடம் குடுக்கல. எனக்கு எடம் குடுக்காம இருக்கதுக்காக, வரியே வாங்காம விட்டுட்டிய."

யாரும் சிரிக்கவில்லை.

"எங்களுக்கு எரக்கம் டீச்சரம்மா" என்றார் தில்லைநாயகம். "புருசன் இல்லாத வீட்டுல கை நீட்டக் கூடாதுன்னு பெரியவங்க வச்ச மொறை."

"அந்த எரக்கத்தை நான் மறக்கல. அப்போ என்கிட்ட ஒண்ணும் இல்ல. இப்போ இருக்கு. குழாய் எங்க வைக்கணும்னு பேசுனப்போ, தண்ணி எடுக்க நடக்கப்போறது நான். என்னை ஒருத்தரும் கேக்கல. வரி கட்டாதவ எப்படிக் கேக்க முடியும்னு நானும் வாயைத் திறக்கல."

மணலில் ஒரு அசைவு. ஆவுடைநாயகம் எழுந்து நின்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்திருந்தாள்.

"குழாய் விஷயத்துல மதினியை ஒரு வார்த்தை கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல" என்றான் அவன். "அஞ்சு நாளா அதையே நெனச்சுக்கிட்டு இருக்கேன். நெனச்சும் கேக்காம விட்டிருந்தா என்னைத் திட்டலாம். தோணவே இல்லையே, அதுக்கு என்ன செய்ய? அவங்க வீட்டுக்கு அவங்களே பேசட்டும். என் வீட்டுக்கு நான் பேசுதேன்." உட்கார்ந்துவிட்டான்.

தில்லைநாயகம் மீசையைத் தடவினார். பக்கத்தில் இருந்தவர்களோடு தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார். பிறகு நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"சரி. வரியை வாங்கிருவோம். ஆனா தலைக்கட்டுன்னா ஆம்பளை பேருல இருக்கணும். தாணுமாலயன் பேருலயே இருக்கட்டும். செத்தாலும் அது அவன் வீடுதானே? கொடையன்னைக்குப் பிரசாதம் குடுக்கையில அவன் பேரையே சொல்லிக் கூப்பிடுவோம். என்ன சொல்லுதிய?"

கூட்டம் ஒரே மூச்சாகத் தளர்ந்தது. நல்ல வழி என்று நாலைந்து பேர் சொன்னார்கள்.

குழல்வாய்மொழி மதில் ஓரம் திரும்பிப் பார்த்தாள். பெண்கள் நடுவில் முத்துவடிவு நின்றிருந்தாள். மகன் பேர் கோயில் வாசலில் கூப்பிடப்படாததால் இந்த வருஷங்களில் ஒரு கொடைக்கும் அவள் வந்தது இல்லை. அந்தப் பேரை இன்னொரு முறை கேட்பதற்காக அவள் எதையும் கொடுப்பாள் என்று மருமகளுக்குத் தெரியும். தானும் அந்தப் பேரோடு வாழ்ந்தவள்தான், அதைக் கேட்கத் தனக்கும் ஆசைதான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொன்னால், இவ்வளவு தூரம் நடந்து வந்தவள் யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. மாமியார் தலையை ஆட்டினால் ஒப்புக்கொள்வோம் என்று முடிவு செய்தாள். அந்த அளவுக்குத் தோற்கத் தயாராக இருந்தாள்.

முத்துவடிவு தலையை ஆட்டவில்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏலே தில்லை! செத்துப்போன எம்புள்ளையா வந்து பந்தக்கால் நடப் போறான்? அவன் பேரை நான் வீட்டுல சொல்லிக்கிடுதேன். கட்டுதவ பேரைப் போடுலே."

ரைஸ்மில்லுக்குச் சொந்தக்காரரான தில்லைநாயகத்தைத் தெருவில் இப்படிக் கூப்பிட வேறு யாரும் மிச்சம் இல்லை. அவர் சங்கிலிப்பாண்டியைப் பார்த்துக் கையை அசைத்தார்.

"பேரு சொல்லுங்க டீச்சரம்மா" என்றான் சங்கிலிப்பாண்டி, அவளைத் தெரியாதவனைப் போல.

"குழல்வாய்மொழி."

ஐந்து ரூபாயை நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ஆவுடைநாயகம் தன் பக்கத்தில் மணலைத் தட்டி, துண்டை விரித்தான். அவள் உட்கார்ந்தாள். மாமியார் திரும்பிப் பார்க்காமல் மதில் ஓரத்துக்குப் போனாள்.

கூட்டம் அவளுக்காக நிற்கவில்லை. அடுத்த பேச்சு வந்தது. இந்த வருஷம் ஆலங்குளத்திலிருந்து பெரிய வில்லுப்பாட்டுக் குழுவைக் கொண்டுவர வேண்டும், அதனால் தலைக்கட்டுக்கு இன்னும் ஒரு ரூபாய் கூட்ட வேண்டும் என்றார்கள். இரண்டு பேர் ஆதரித்துப் பேசினார்கள்.

"டீச்சரம்மா என்ன சொல்லுதிய?" என்றார் தில்லைநாயகம். வேடிக்கையாகத்தான் கேட்டார்.

"கூடாதுங்கேன்" என்றாள்.

"எது கூடாது?"

"வரியைக் கூட்டக் கூடாது. கீழக் கோடியில எல்லாரும் கூலிக்குப் போறவங்க. சாரல் வந்தா அவங்களுக்கு வேலை இல்ல. அஞ்சே கஷ்டம். உள்ளூர்க் குழு போதும்."

முதலில் ஆவுடைநாயகம்தான் சிரித்தான், வயிறு குலுங்க. பிறகு மணல் முழுவதும் சிரித்தது.

"வந்து உக்காந்து துண்டு சூடாகல, அதுக்குள்ள வரி கூடாதா!" என்றார் தில்லைநாயகம். "சரிதான், அமெரிக்காக்காரிதான். கையைத் தூக்குங்கவே. கூட்டலாம்னு சொல்லுதவங்க?"

கைகள் நிறைய எழுந்தன. ஆவுடைநாயகத்தின் கையும் எழுந்தது. தூக்கும்போது அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அவளும் புருவத்தை உயர்த்தினாள்.

"கூடாதுன்னு சொல்லுதவங்க?"

கீழக் கோடிக்காரர்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெல்லத் தூக்கினார்கள். அவள் தன் கையை நேராக, முழங்கை மடங்காமல், பிள்ளைகளைத் தூக்கச் சொல்வதுபோலவே தூக்கினாள். சங்கிலிப்பாண்டி விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தான். அவளிடம் வந்தபோது அவன் விரல் தயங்கவில்லை. எண்ணிவிட்டு அடுத்த கைக்குப் போனது.

தோற்றுப்போனார்கள். வரி ஒரு ரூபாய் கூடியது.

குழல்வாய்மொழி பையைத் திறந்து இன்னொரு ரூபாயை எடுத்தாள். மதில் ஓரத்திலிருந்து மாமியாரின் குரல் கேட்டது, தெருவுக்கே கேட்கும்படி: "மொத நாளே தோத்துட்டியேடி!"

"ஆமா அத்தை" என்றாள். "அடுத்த கூட்டத்துல பாத்துக்கிடலாம்."